சம்சயம் டீச்சர்

பஸ் கிளம்புவதற்கு முன்னால் டிரைவரின் வாயை முகர்ந்து பார்த்த ஆசிரியை எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். முகர்வது என்றால் மூக்கைக் கொண்டுபோய் வைக்கமாட்டார். ஒரு கை தூரம் தள்ளி நின்று "ஊதுங்க" என்பார். டிரைவர் ஊதியதும் அந்தக் காற்றை வலது கையால் மெல்ல விசிறித் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடி யோசிப்பார். சோதனைக் குழாயிலிருந்து வருகிற வாயுவை எப்படி முகர வேண்டும் என்று ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாரே, அதே முறைதான். அவர் வேதியியல் டீச்சர்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. கிழக்கே கொட்டாரம் ஊர்க்காரனான எனக்கு, மேற்கே கடலோரக் கடியப்பட்டணம் பக்கத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. சமூக அறிவியல் வாத்தியார் என்றால் சுற்றுலாப் பொறுப்பு கேட்காமலே தலையில் ஏறிவிடும். என் முதல் சுற்றுலா அன்று விடியற்காலை பள்ளி வாசலில் இரண்டு பஸ்கள் நின்றன. ஒன்று பையன்களுக்கு, மற்றது பெண் பிள்ளைகளுக்கு. டிரைவர்கள் ஊதினார்கள். கிளீனர்கள் ஊதினார்கள். அப்புறம் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சாரும் ஒண்ணு ஊதுங்க."

"டீச்சர், நான் குடிக்கவே மாட்டேன்."

"டிரைவரும் அதத்தான் சொன்னாரு. ஊதுங்க."

ஜன்னல் முழுக்கத் தலைகள். வேறு வழியில்லாமல் ஊதினேன். அவர் விசிறினார், கண்ணை மூடினார், நெற்றியைச் சுருக்கினார். "ஏலக்காயா?" என்றார். காலையில் அம்மா போட்டுக் கொடுத்த டீயில் ஏலக்காய் இருந்தது. "வெளுப்பான் காலத்துல எதுக்கு ஏலக்காய்?" என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. பையன்கள் பஸ்ஸிலிருந்து ஒரு விசில் பறந்தது. அன்றிலிருந்து எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

சந்தேகம் என்று நாங்கள் கிழக்கே சொல்வதை மேற்கே சம்சயம் என்பார்கள். டீச்சருக்கு ஊர் மேற்கே புதுக்கடை. எந்தப் பேச்சையும் "எனக்கொரு சம்சயம்" என்று இழுத்துப் பாடித்தான் தொடங்குவார். மதியச் சோற்றுக்கு முன்னால் ஜெபம் சொல்லி முடித்த கையோடு, "எனக்கொரு சம்சயம், இந்தச் சாம்பார் நேத்தையதுதான?" என்று கேட்பார். பிள்ளைகள் அவருக்குச் சம்சயம் டீச்சர் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டு போன் வரும். ஓய்வு பெற்று மகளோடு மஸ்கட்டில் இருக்கிறாராம். அங்கே யாரை ஊதச் சொல்கிறாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சுற்றுலா என்றால் கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு குடை. ஹோட்டலில் இறங்கினால் நேராக அடுக்களைக்குள் போய்விடுவார். சமையல்காரரிடம், "நீங்க மத்தியானம் இதத்தான் தின்னியளா, இல்ல வீட்டிலருந்து கொண்டு வந்தீங்களா?" என்று கேட்பார். வீட்டிலிருந்து என்று சொல்லிவிட்டால் போச்சு, பிள்ளைகள் எல்லாரும் எழுந்து அடுத்த ஹோட்டலுக்கு நடக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜாவின் கட்டிலைக் காட்டி, இது மூலிகை மரங்களால் செய்தது என்று வழிகாட்டி சொன்னபோது, "ராஜாவுக்குச் சீக்கு வந்ததே இல்லியா?" என்று கேட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் குழுவின் முகத்தையே பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றியது, எந்த பஸ்ஸில் ஏறுவார் என்று யாரிடமும் சொல்லாத வழக்கம். போகும்போது பெண் பிள்ளைகள் பஸ்ஸில் இருப்பார். சாயா குடிக்க நிறுத்திவிட்டு ஏறினால் பையன்கள் பஸ்ஸின் கடைசி இருக்கையில் அவர் குடை தெரியும். மூச்சுக் காட்டாமல் ஏறி உட்கார்ந்திருப்பார். "முன்கூட்டி சொல்லலாம்ல டீச்சர், எண்ணிப் பார்க்க வசதியா இருக்கும்" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா மத்த பஸ்ஸுல கூத்து நடக்கும் சாரே. எங்க இருக்கேன்னு தெரியாம இருந்தா, ரெண்டு பஸ்ஸுலயும் நான் இருக்க மாதிரி."

உண்மைதான். அவர் ஏறவே ஏறாத பஸ்ஸில்கூடப் பிள்ளைகள் பாதி வழி வரை பூசைக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். கடைசி இருக்கையில் ஆள் இல்லை என்று எவனாவது எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பாட்டுக் கிளம்பும்.

இனி ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலாவுக்கு முந்தின நாள் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் டீச்சர் பிள்ளைகளை இரண்டிரண்டாக நிறுத்துவார். அந்த இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். பஸ் கிளம்பும்போது அவர் விசில் ஊதுவார். ஒவ்வொரு பிள்ளையும் "என் ஜோடி உண்டு" என்று கத்த வேண்டும். கத்தாத பிள்ளையின் ஜோடியைத் தேடி ஆள் ஓடும். எத்தனையோ பள்ளிகளில் இருக்கிற முறைதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் ஜோடி சேர்த்த விதம் எனக்கு விளங்கவில்லை. போன வாரம் குழாயடியில் சட்டையைக் கிழித்துக்கொண்டு உருண்ட இரண்டு பையன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். உயிருக்குயிரான சிநேகிதிகளைப் பிரித்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பினார்.

"டீச்சர், இவனுக ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டானுக."

"பேசண்டாம். பாத்தா போரும்."

"பிரண்டு கூட விட்டா பிள்ளைகள் சந்தோஷமா இருக்கும்ல?"

டீச்சர் என்னைப் பாவப்பட்டதுபோல் பார்த்தார். "சாரே, கூட்டாளி மறைப்பான். 'அவன் இன்னா வந்துருவான், ஒண்ணுக்குப் போயிருக்கான்'னு வாய் கூசாம பொய் பறைவான். பிடிக்காதவன் மறைக்கமாட்டான். இவன் எப்பம் தப்பு செய்வான், எப்பம் போட்டுக்கொடுக்கலாம்னு கண்ண எடுக்காம பாத்துட்டே இருப்பான். ஒருத்தனக் காணலன்னா முதல்ல சொல்லுகது அவனுக்க எதிரிதான்."

பதினான்கு வயசுப் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் வேவு பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாரே, இது என்ன கல்வி என்று ஆசிரியர் அறையில் இரண்டு நாள் பொரிந்து தள்ளினேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் டீச்சரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை.

வரிசையில் நின்ற ஒரு வாண்டு மட்டும் ஒருநாள் கேட்டுவிட்டது. "டீச்சர், உங்களுக்க ஜோடி யாரு?"

"எனக்கும் உண்டும். நீ ஒனக்க ஜோடியப் பாருலே."

சும்மா வாயடைக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் நடுவில் கொஞ்ச நேரம் ஆள் காணாமல் போய்விடுவார். பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து பொதிச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும், டீச்சர் இருக்கமாட்டார். கேட்டால், "சும்மா நடந்தேன்" என்பார். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவர் சும்மா நடப்பாரா? யாரைப் பார்க்கப் போகிறார், எதை ஒளிக்கிறார்? இவர் என்னை ஊதச் சொன்னாரே, இவர் குட்டு ஒருநாள் உடையாமலா போகும் என்று காத்திருந்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போன அன்றும் காணாமல் போனார். நான் பிள்ளைகளை இன்னொரு ஆசிரியரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். இருட்டுப் படிகள், தாழ்ந்த வாசல்கள், எங்கும் ஆள் இல்லை. கடைசியில் கல்தூண் மண்டபத்துக்கு வந்து, இங்கேதான் வருவார் என்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். நெடுநேரம் நின்றேன். கால் கடுத்தது. எதிர்த் தூணின் ஓரத்தில் ஒரு குடைமுனை தெரிந்தது.

"என்ன சாரே, பிள்ளைகள விட்டுட்டு தூணுக்க பொறத்த நிக்கீங்க?"

"நீங்க என்ன பண்றீங்க டீச்சர்?"

"உங்களப் பாத்துட்டு நிக்கேன்."

இரண்டு பேரும் அவரவர் தூணை விட்டு நகராமல் முறைத்துக்கொண்டோம். பிறகு அவரே சொன்னார். "நான் கண்ணுக்கு முன்ன நின்னா எல்லாரும் யோக்கியந்தான். நான் இல்லேன்னு நெனச்சா என்ன செய்யுதுன்னு பாக்கண்டாமா? அதுக்குத்தான் மாறி நிப்பேன். பிள்ளைகள் ஒழுங்கா இருந்துது. நீங்கதான் இடத்த விட்டு வந்தீங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே என் ஆத்திரம் இரட்டிப்பானது.

டீச்சர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஆசிரியர் அறையில் பல கதைகள் உலவின. ஒரு காலத்தில் அவர் கூட்டிக்கொண்டு போன பிள்ளை ஒன்று தண்ணீரில் போய்விட்டது என்பார் ஒருவர். இல்லை, அவருடைய சொந்தத் தங்கைதான் என்பார் இன்னொருவர். புருஷன் துபாயிலிருந்து வரும்போதுகூட விமான நிலையத்தில் ஊதச் சொல்வார் என்று சிரிப்பார் மூன்றாமவர். நான் நேராகவே கேட்டேன். "டீச்சர், உங்க பொறுப்புல எப்பவாவது ஏதாவது நடந்திருக்கா?"

"ஒண்ணும் நடக்கல சாரே."

"பிறகு ஏன் இந்தப் பாடு?"

"இந்தப் பாடு பட்டதுனாலதான் ஒண்ணும் நடக்கல."

எனக்கு அந்தப் பதில்மேலும் சந்தேகம்தான்.

டீச்சர் ஓய்வு பெறவிருந்த வருஷம் நான் தலைமையாசிரியரிடம் போனேன். இவர் கூப்பிட்டால் எந்த டிரைவரும் வரமாட்டேன் என்கிறான், ஹோட்டல்காரர்கள் நம் பள்ளியைக் கண்டாலே ஷட்டரை இழுக்கிறார்கள், இந்த முறை டீச்சர் வேண்டாமே என்றேன். தலைமையாசிரியரும் ஒருமுறை ஊதியவர்தான். சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் பள்ளி வாசலில் தலையிலிருந்த மீன் வட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஒன்பதாம் வகுப்பு ஜெனிஷாவின் அம்மா. கடியப்பட்டணத்திலிருந்து மீன் எடுத்து உள்ளூர்த் தெருக்களில் விற்கிறவர்.

"சாரே, அந்தச் சம்சயம் பிடிச்ச டீச்சரு வரல்லியாமே?"

"அவங்களுக்கு முடியல்லம்மா. கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும்."

"அப்பம் எனக்க மவ பேர வெட்டிருங்க."

"ஏம்மா? நாங்க எல்லாரும் இருக்கோம்லா?"

"நீங்க நல்லவரு சாரே. அதுனாலதான் சொல்லுகேன். நீங்க எல்லாரையும் நம்புவிய. நம்புகவருக்க கூட பொட்டப்பிள்ளைய எப்பிடி விட?" என்றபடி வட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கடலோரத்துப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். கோயில் முற்றத்தில் பேச்சு பரவியிருந்தது. அடுத்த நாள் உள்ளூர்ப் பிள்ளைகளின் வீடுகளிலும் அதே கேள்வி. ஜெனிஷா ஆசிரியர் அறை வாசலில் வந்து அழுதாள். "எங்கப்பா கடல் வழியா குஜராத் வரைக்கும் போயிருக்காரு சார். நான் நாகர்கோயில் தாண்டினதில்ல. டீச்சரக் கூப்பிடுங்க சார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் பெண் பிள்ளைகள் பஸ் என்று ஒன்று ஓடியதே அந்த மனுஷியின் சந்தேகத்தை நம்பித்தான். தலைமையாசிரியர் என்னை அழைத்து, டீச்சரே போகட்டும் என்றார். கூடவே ஒன்று சொன்னார். "பாத்து நடந்துக்கோங்க. ஒரு சின்னப் பேச்சு வந்தாலும், பொம்பளப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா இதோட முடிஞ்சுது. அடுத்த வருஷம் டீச்சரும் கிடையாது, எந்தச் சமாதானமும் எடுபடாது."

நடையில் எதிரே வந்த டீச்சர் குடையை ஊன்றி நின்றார். "சாரு போய்ப் பறைஞ்சது தெரியும். கொள்ளாம்" என்றார். கொள்ளாம் என்றால் நல்லது என்று அர்த்தம். கிண்டலா, மிரட்டலா, நிஜமாகவே நல்லதா என்று யோசித்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை. ஜோடி சேர்க்கும்போது ஜெனிஷாவைச் சுஜிதாவோடு நிறுத்தினார். சுஜிதா நெல் வியாபாரியின் மகள். ஜெனிஷாவின் பையில் மீன் நாற்றம் என்று வகுப்பில் மூக்கைப் பொத்தியவள். ஜெனிஷா பதிலுக்கு அவள் சாப்பாட்டு டப்பாவில் தண்ணீரை ஊற்றியிருந்தாள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறின. காலையில் வழக்கம்போல் எல்லாரும் ஊதினோம். நானும் ஊதினேன், இந்த முறை ஏலக்காய் இல்லாமல்.

பகல் முழுக்க எந்தக் குறையும் இல்லை. ஒரு பையன் நீர்யானைக்கு முறுக்கு போடப் போனான், அவன் ஜோடியே ஓடிவந்து போட்டுக்கொடுத்தான். சாயங்காலம் பார்வையாளர்களை வெளியே அனுப்பும் நேரம். டீச்சர் வாசலில் நின்று விசில் ஊதினார். இரண்டு பஸ்களும் சாலையில் தள்ளித்தள்ளி நின்றதால் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடின. "என் ஜோடி உண்டு, என் ஜோடி உண்டு" என்று சத்தம். நான் என் பஸ்ஸில் கேட்டேன். இரண்டு இளம் டீச்சர்கள் அவர்கள் பஸ்ஸில் கேட்டார்கள். ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. பஸ்கள் கிளம்பின.

பாலராமபுரம் சந்திப்பில் வண்டிகள் அசையாமல் நின்றன. எங்களுக்கு முன்னால் பெண் பிள்ளைகள் பஸ். பின் கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அதிரடியாகப் பாட்டு. நடைபாதை முழுக்க ஆட்டம். ஜெனிஷா துப்பட்டாவைத் தலைப்பாகை கட்டியிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடியவள் சுஜிதா. எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் ஜோடிக் கணக்கு இங்கே பிசகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டீச்சர் உள்ளே இருந்தால் இந்த ஆட்டம் நடக்குமா?

திரும்பி எங்கள் பஸ்ஸின் கடைசி இருக்கையைப் பார்த்தேன். இரண்டு பையன்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் ஓடிப்போய் முன் பஸ்ஸின் கதவைத் தட்டினேன். இளம் டீச்சர் எட்டிப் பார்த்தார். "டீச்சர் உங்க பஸ்ஸுலல்லா சார் இருக்காங்க?"

எந்த பஸ்ஸில் ஏறுவார் என்று சொல்லாத அந்த வழக்கம் அவரையே கவிழ்த்துவிட்டது. அந்த பஸ் அவர் இங்கே இருப்பதாக நினைத்தது. இந்த பஸ் அங்கே இருப்பதாக நினைத்தது. தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பஸ்களும் நிம்மதியாகப் பாடின. "என் டீச்சர் உண்டு" என்று கத்துவதற்கு ஒரு ஜோடி அவருக்கு இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். மாட்டினார் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. பெண் பிள்ளைகள் பஸ்ஸை ஒரு ஹோட்டல் வளாகத்துக்குள் நிறுத்தி, டீச்சரைக் கூட்டி வருகிறேன், யாரும் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையன்கள் பஸ்ஸைத் திருப்பினேன். வழி முழுக்க என் புத்தி சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே நின்றாரா? எங்கள் எல்லாரையும் சோதிக்கிறாரா? தூணுக்குப் பின்னால் நின்றவர்தானே. அப்படித்தான் இருக்கும், எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மிருகக்காட்சி சாலை வாசல் அடைத்திருந்தது. பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன். எதிரே இருந்த சாயாக்கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே நடைபாதைப் பக்கம் கையைக் காட்டினார். அந்த டீச்சர் உள்ளே எல்லாக் கழிப்பறைக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தாராம். அதற்குள் பஸ்கள் நகர்ந்துவிட்டனவாம். விசில் ஊதிக்கொண்டே சாலை வளைவு வரைக்கும் பின்னால் ஓடினார், பாவம், விழப்போனார் என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் நடைபாதையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் இருந்தார். ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தார். போன் மடியில் கிடந்தது. புடவை முழுக்கத் தூசி. அவ்வளவு சின்னவராக அவரை நான் பார்த்ததே இல்லை.

"போன எடுக்க என்ன டீச்சர்?"

"எடுத்து என்ன சொல்ல? விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா? எனக்க வாயால அத நான் சொல்லமாட்டேன்." குரல் ஒரு மாதிரி இருந்தது. "பஸ்ஸுல ஒரு பிள்ள கேட்டா ஊரே கேக்கும். டீச்சரையே தொலைச்சிட்டு வந்தவிய எனக்க பிள்ளைய எப்பிடிப் பாப்பாவன்னு கேப்பாவ. அடுத்த வருஷம் ஒரு பொம்பளப் பிள்ள வருமா?"

"நாங்க கவனிக்காம போயிருந்தா? ராத்திரி முழுக்க இங்கயே இருந்திருப்பீங்களா?"

"இல்ல. நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"எப்படி?"

அவர் ஷூவை மாட்டிக் கயிற்றை இறுக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "எனக்க ஜோடி நீங்கதான சாரே. உங்கள ஊதச் சொன்ன அண்ணைக்கே சேத்துட்டேன். என்னைய உங்க அளவுக்கு ஆருக்குப் பிடிக்காது?"

இந்த வயசில் நடுத்தெருவில் கண் கலங்கி நின்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் நின்றேன். இத்தனை வருஷமாக நான் அவரை வேவு பார்ப்பதாக நினைத்திருந்தேன். அவரோ என்னைக் காவலுக்கு வைத்திருந்தார்.

குடையை எடுத்துக் கொடுத்தேன். அவர் நொண்டாமல் நடக்கப் பார்த்தார். பஸ் படியில் கால் வைத்ததும் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முன் இருக்கைப் பையன் கேட்டேவிட்டான்.

"சார், டீச்சர விட்டுட்டா சார் போயிட்டோம்?"

டீச்சரின் கை என் பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்தது.

"யாருலே விட்டது?" என்றேன் நான். "டீச்சர் வேணும்னேதான் ஒளிஞ்சி நின்னாங்க. யாரு கவனிப்பான்னு பாக்க. இத்தன பேர்ல ஒருத்தன் கவனிச்சியாலே? உங்களுக்கெல்லாம் ஜோடி ஒரு கேடு."

பஸ் தலையைத் தொங்கப்போட்டது. கடைசி இருக்கையில் படுத்திருந்த இருவரும் அவசரமாக எழுந்து இடம் விட்டார்கள். காத்திருந்த பெண் பிள்ளைகளிடமும் இதையே சொன்னேன். அன்று இரவு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இதைத்தான் சொல்லியிருக்கின்றன. அடுத்த நாள் ஜெனிஷாவின் அம்மா வட்டியை இறக்கி வைத்து, "அவிய பலே ஆளுதான் சாரே, உங்களயே கிறுக்காக்கிப் போட்டாவளே!" என்று சிரித்தார். டீச்சர் போன பிறகும் பெண் பிள்ளைகள் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜோடி நான்தான் சேர்க்கிறேன்.

அன்று டீச்சர் கடைசி இருக்கைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிள்ளிப்பாலம் தாண்டியது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, என் வாயை முகரப் போகிறவர்போல் உற்றுப் பார்த்தார்.

"எனக்கொரு சம்சயம் சாரே."

"சொல்லுங்க டீச்சர்."

"இப்பம் எனக்கு வேண்டி வாய் கூசாம பொய் பறைஞ்சீங்க. அப்பம் நீங்க எனக்குக் கூட்டாளி ஆயிட்டீங்க, இல்லியா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பம் இனி உங்கள நம்ப முடியாது" என்றார். "எனக்கு வேற ஜோடி பாக்கணும்."